மூடிக்கு அடியில் இருந்த அட்டை

என் பெரியம்மா மகளைத் தெருவில் எல்லோரும் ‘வேலை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டு வேலை, குழந்தை பார்க்கும் வேலை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கொடுப்பாள். அவளுடைய சிரிப்பு அவளுக்கு முன்னால் படியேறி வந்துவிடும்.

எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். நான் எட்டாவதோடு நின்றவள். யார் வந்து நின்றாலும் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.

“இவ வாயைத் திறக்கறதுக்குள்ள ரெண்டு பஸ் போயிடும் சார். ஆனா வேலை சுத்தமா இருக்கும்” என்றாள் அக்கா, கடைக்காரரிடம்.

“நல்லதாப் போச்சு. மெஷின் போடற சத்தமே எனக்குப் போதும்” என்றார் அவர்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது அக்கா யாராவது ஒரு புதுப் பெண்ணைக் கூட்டி வருவாள். அடுக்குமாடி வீடுகளில் வேலைக்குச் சேர, வாசல் காவலாளிக்கு அடையாள அட்டையின் நகல் கொடுக்க வேண்டும். அட்டை எப்போதும் அக்காவின் கைப்பையில் இருக்கும். அந்தப் பெண்களின் கையில் பையும் இருக்காது, போனும் இருக்காது. நகலோடு தரும் வேலைப் படிவத்தில் எழுதப் பெயர் கேட்டால் அக்காதான் பதில் சொல்வாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். புது இடம், பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அப்படி வந்தவள்தானே.

ஒரு நாள் மதியம், கடைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம், அக்கா ஓர் அட்டையை நீட்டினாள். “கண்ணு, இதுல பிறந்த வருஷத்தைத் தப்பா அடிச்சுட்டானுங்க. திருத்தப் போனா ஆறு மாசம் அலைய விடுவானுங்க. ஒரு துண்டுப் பேப்பர் வச்சு எடுத்துக் குடேன்.”

எங்கள் தொழிலில் அது சின்ன வேலை. அரிசி அளவு காகிதத்தில் வேறு எண்ணை அச்சடித்து, அட்டையின்மேல் வைத்து மெஷின் மூடியை அழுத்தினால் நகலில் ஒட்டுத் தெரியாது. செய்து கொடுத்தேன். அதன்பிறகு இன்னும் மூன்று பேருக்குச் செய்தேன். நான்கு அட்டையிலும் அதே தவறு எப்படி வரும் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவளிடம் எப்படிக் கேட்பது?

ஐந்தாவது பெண் வந்த அன்று நல்ல மழை. ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தாள். அவள் அட்டைக்கும் துண்டு வைத்து நகல் எடுத்தேன். அக்கா வாசலில் ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மேசைமேல் குனிந்து மெல்லக் கேட்டாள்: “அக்கா, இது எந்த ஊரு?”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா திரும்பிவிட்டாள். “என்ன கேக்கறா?”

“பாத்ரூம் எங்கன்னு.”

அக்காவிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவள் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு, பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்து நின்றவருக்காக மெஷின் மூடியைத் தூக்கினேன். கண்ணாடிமேல் அட்டை கிடந்தது. நகலை வாங்கிக்கொண்டு அசலை மறந்துவிட்டுப் போவது எங்கள் கடையில் தினமும் நடப்பதுதான். துண்டு இன்னும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நீக்கிவிட்டு விரல் விட்டு எண்ணினேன். பதினான்கு வயது. துண்டில்லாமல் ஒரு நகல் எடுத்து என் டிபன் பைக்குள் வைத்தேன்.

அரை மணியில் அக்கா நனைந்தபடி திரும்பி வந்தாள். “அட்டையை இங்கயா விட்டேன்?”

“அவளுக்குப் பதினாலுதான்க்கா ஆகுது.”

“தப்பா அடிச்சதுன்னு சொன்னேன்ல?”

“எந்த ஊருக்கு வந்திருக்கோம்னே அவளுக்குத் தெரியல. முன்னால வந்த நாலு பேரும் இப்ப எங்கக்கா?”

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதை அன்றுதான் பார்த்தேன். “எத்தனையோ பேர் இருக்க, உன்னை ஏன் இங்க சேர்த்துவிட்டேன்னு நினைக்கறே? நீ கேள்வி கேக்க மாட்டேன்னுதான். துண்டு வச்சது யாரு? நீ எங்க போய்ச் சொல்லப் போறே? குடு இங்க.”

கொடுத்துவிட்டேன். அவள் குடையை விரித்துக்கொண்டு நிதானமாகவே நடந்து போனாள். என் வாயின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

குப்பைக்கூடையில், அன்று காலை எடுத்தபோது கறுத்து வீணாய்ப்போன ஒரு நகல் கிடந்தது. அந்தப் பெண்ணின் வேலைப் படிவம். கீழே அடுக்குமாடியின் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் தெளிவாக இருந்தன. அதையும் டிபன் பையில் இருந்த நகலையும் எடுத்துக்கொண்டு பெண்கள் உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். துண்டு வைத்ததையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று மாலையே போலீசோடு போனோம். என்னையும் அடையாளம் காட்டக் கூட்டிப் போனார்கள். ஏழாவது மாடி. கதவு வெளியே பூட்டியிருந்தது. திறந்தபோது உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை.

“செருப்பெல்லாம் எங்கம்மா?” என்று முதலில் அதைத்தான் கேட்டார் அதிகாரி அம்மா.

“அந்த அக்கா எடுத்துப் பூட்டி வச்சுட்டாங்க.”

ஒற்றைத் தோடு போட்ட பெண் என்னைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கினாள். “இவங்க அந்த அக்காவோட தங்கச்சி. ‘என் தங்கச்சி இங்கதான் வேலை பாக்கறா, நல்லா இருக்கா, நீயே வந்து பாரு’ன்னு சொல்லித்தான் எங்கம்மாகிட்டருந்து என்னைக் கூட்டிட்டு வந்தாங்க.”

நான் அருகே போனேன். அவள் அதிகாரி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

மற்ற இருவரும் நான் துண்டு வைத்த பெண்கள்தான் என்று கையைப் பார்த்ததும் தெரிந்தது. இன்னும் இரண்டு பேர் அங்கே இல்லை. அங்கே இல்லாத அந்த இருவரின் அட்டையில் இருந்த உண்மையான வருஷத்தை அதிகாரி அம்மா கேட்டார். அவர்கள் முகம் எனக்கு நினைவில்லை. வருஷம் மட்டும் நினைவிருந்தது. சொன்னேன். எழுதிக்கொண்டார்.