அட்டைக்கு வந்த சீர்

என் தங்கை சுதர்சினி பெரியவளாகிவிட்டாள் என்று லயத்தின் வரிசை வீடுகள் முழுவதும் சொன்னவர் எங்கள் அம்மா. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மழைக்காலத்தில் அட்டைகளுக்குக் குறைவில்லை. விறகு பொறுக்கிவிட்டு வந்தவளின் பாவாடையில் இரத்தம் இருந்தது. அம்மா வேறெதையும் பார்க்கவில்லை. தொடையில் அட்டை கடித்திருந்ததைத் தங்கை ஒதுக்கி வைத்த நாட்கள் முடிந்து குளிக்கும்போதுதான் கண்டாள். அதற்குள் பச்சைக் குடிசை கட்டிவிட்டார்கள். தாய்மாமன் செல்லையா நிவித்திகலயிலிருந்து ஸ்பீக்கரோடு சீர் கொண்டு வந்துவிட்டார்.

இதைச் சொல்லத் தங்கைக்கு வெட்கம். எப்படியும் சீக்கிரம் தீட்டு வந்துவிடும் என்று காத்திருந்தாள். வந்ததுபோல் காட்ட மாதாமாதம் மூன்று நாள் கோயிலுக்குப் போகாமல் ஒதுங்கியும் இருந்தாள். பதினேழு வயதில்தான் என்னிடம் சொன்னாள். நான் அவளையும் அம்மாவையும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ஸ்கேன் எடுத்த பின் டாக்டர் ஆதிலா எங்களை உட்கார வைத்துத் தமிழிலேயே விளக்கினார். தாயின் வயிற்றில் பிள்ளை மிகச் சிறியதாக இருக்கும்போதே அதன் உடம்பில் இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய குழாய்கள் உண்டாகும். அவை கீழே வளர்ந்து வந்து நடுவில் ஒன்று சேரும். சேர்ந்த பகுதிதான் கர்ப்பப்பையும் அதற்குக் கீழே உள்ள பிறப்பு வழியும். சேராத மேல் முனைகள் கருக்குழாய்கள். தங்கைக்கு அந்தக் குழாய்கள் முழுதாக வளரவில்லை. முட்டைப்பைகள் வேறு இடத்திலிருந்து உருவாகின்றன. அதனால் அவை நன்றாக இருக்கின்றன, பெண்ணுக்குரிய வளர்ச்சியும் சரியாக இருக்கிறது.

அம்மா யோசித்தார். "லயத்துக்கு மேல மழைத்தண்ணி ஓடுற ரெண்டு கான் வந்து ஒண்ணா சேருதே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். இவவுக்குக் கான் கீழ வரைக்கும் வெட்டுப்படல்ல."

"இவ வயித்துல இருக்கையில நான் அன்னாசி தின்னேனுங்க. அதனாலயா?"

"இல்லம்மா. நீங்க தின்னதாலயும் இல்ல, செஞ்சதாலயும் இல்ல. தீட்டு வராது, பிள்ளை சுமக்க ஏலாது. கல்யாணம் கட்டலாம், கீழ் வழி சின்னதா இருக்கிறதுக்கு வைத்தியம் இருக்கு."

பஸ்ஸில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இது வெளிய போகக் கூடாது."

தங்கை ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை முடித்து பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். வரை படித்தவள் அவள் ஒருத்திதான். போன வருடம் மாமா தன் மகன் சுரேந்திரனுக்கு அவளைக் கேட்டு அவனையும் கூட்டிக்கொண்டு வெற்றிலைத் தட்டோடு வந்தார். அவளுக்கும் அவன்மேல் விருப்பம் இருந்தது எனக்குத் தெரியும். குசினியில் அடுப்பருகே அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாயத் தொறக்காத. கல்யாணம் முடியட்டும்."

தங்கை தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"மாமா, நான் வயசுக்கு வரவே இல்ல. அன்னைக்கு அது அட்டை கடிச்ச ரத்தம். எனக்குக் கர்ப்பப்பை வளரல. பிள்ளை பெற முடியாது. தெரிஞ்சுகிட்டு தட்டை வைங்க."

மாமா முதலில் சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் கொண்டாந்த சீரெல்லாம் அட்டைக்கா?"

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். சுரேந்திரன் எழவில்லை.

"நீங்க போங்கப்பா, நான் தேத்தண்ணிய குடிச்சிட்டு வாறேன்."

குடித்து முடித்துத் தங்கையிடம், "நான் கொஞ்சம் யோசிக்கணும்" என்றான்.

"நல்லா யோசிங்க அத்தான். இரக்கப்பட்டு மட்டும் வராதீங்க."

மாதக் கடைசியில் தட்டை அவனே கொண்டு வந்தான். "இரக்கமா? சின்ன வயசுல என் மண்டைய உடைச்சவ நீ. ஒனக்கு எவன் இரக்கப்படுவான்?"

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாமா வந்தார், ஆனால் சாப்பிடவில்லை. அம்மாவோடு இன்னும் பேசுவதில்லை. மருமகளிடம் மட்டும் பேசுகிறார். மழை பெய்தால், "காலைப் பாத்து நடம்மா, இனிச் சீர் கொண்டார என்கிட்ட சல்லிக்காசு இல்ல" என்கிறார்.