வாயாடியின் அப்பா எழுதிய உயில்

வக்கீல் அலுவலகத்து நாற்காலியில் வாயாடியால் உட்கார முடியவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் வியர்த்துக் கொட்டியது. கைப்பையைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். பக்கத்தில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாகப் போட்டோ எடுக்க வந்தவர் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வீட்டைத் தூக்கிக் கொடுக்க வந்தவருக்கு இவ்வளவு நிம்மதி. அதை வாயால் சொல்லப்போகிற இவளுக்குத்தான் இந்தப் பாடு.

அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. போய்ச் சேர்ந்த அம்மாவுக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் காதும் வாயும் உள்ள ஒரே ஆள் என்பதால் தெரு இவளுக்கு வைத்த பெயர் வாயாடி. பேச்சு வந்த நாளிலிருந்து பாங்கு, ஆஸ்பத்திரி, கரண்டு ஆபீஸ் என்று எங்கே போனாலும் அப்பா கையால் சொல்லுவார், இவள் வாயால் சொல்லுவாள். உள்ளதை உள்ளபடி சொன்னாளா என்று மட்டும் கேட்கக் கூடாது. மர அறுவை மில்லில் ரம்பம் ஓட்டியவருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். வீடு வாங்கப் போன அன்று, விற்கிறவரைக் காட்டி, இவன் திருடன், கூரை சல்லடை, இதற்கு இந்த விலையா என்று கையை வீசினார். பள்ளிச் சீருடையில் நின்ற வாயாடி, அப்பாவுக்கு வீடு ரொம்பப் பிடித்திருக்கிறதாம், மழை ஒழுகி எனக்குச் சளி பிடிக்குமோ என்றுதான் யோசிக்கிறாராம் என்றாள். விற்றவர் உருகிப்போய், கீழ்வீடும் மாடியுமான அந்த வீட்டின் விலையை இறக்கினார்.

சீருடை போட்டாளே தவிர, அன்றைக்கும் வகுப்புக்கு மட்டம்தான். அப்படி மட்டம் போட்டுப் போட்டே அவள் படிப்பு நின்றுபோனது. அப்பாவின் கதை வேறு. ஏழெட்டு வயதுவரை தனக்கு ஒரு பெயர் உண்டு என்றே அவருக்குத் தெரியாது. பசித்தால் வயிற்றைக் காட்டுவார், அவ்வளவுதான். காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட அன்று, வராந்தா நிறையப் பிள்ளைகள் கையால் பேசிச் சிரிப்பதைப் பார்த்து அழுதுவிட்டாராம். அங்கே ஒருவரைக் கூப்பிட பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். மரம் அதிர்ந்ததும் எல்லோரும் திரும்புவார்கள். இந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது.

போன வாரம் ஒரு காலையில் அடுப்படியில் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். கைகளைக் கூரையாகக் குவித்தார். பிறகு பள்ளிக்கூடம் என்றார். உயில் என்றார். வீடு பள்ளிக்கூடத்துக்கா என்று வாயாடிக்குச் சுருக்கென்றது. அவர் படிப்புக்கு நன்றி, சரி. தன் படிப்புக்கு? பேச்சுக் கேட்கிற வீடுகளில் கோபம் வந்தால் கத்துவார்கள். இந்த வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், எதிராளியின் பேச்சு அந்தரத்தில் நின்றுபோகும். அவள் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள். அவர் இன்னொரு தடவை தோளைத் தொட்டார். அவள் அசையவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் கை எழும்பும்போதெல்லாம் அவளுக்கு வேறு பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். வக்கீலைப் பார்க்கும் நாளைக் காலண்டரில் காட்டியபோது மட்டும் தலையாட்டினாள்.

கீழ்வீட்டில் பேட்டரிக் கடை போட நாள் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நீதானே பேசப் போற? அவர் கை என்ன சொல்லுச்சுன்னு அங்க யாருக்குத் தெரியும்?"

அந்த வார்த்தை வழியெல்லாம் அவளைக் குடைந்தது.

அப்பாவுக்கு எழுத்து அரைகுறை என்பதால், பங்கு இல்லாத வேறு ஆள் யாராவது வந்து சொல்லலாமே என்று வக்கீலம்மா கேட்டார். வாயாடி அதைக் கையால் சொன்னதும் அப்பா அவளையே காட்டி, இவள் போதும் என்று தலையசைத்தார். இன்றைக்கு உயிலுக்குக் குறிப்பு எடுப்பது மட்டும்தானே, பரவாயில்லை என்று வக்கீலம்மா பேனாவைத் திறந்தார்.

அப்பா ஆரம்பித்தார். கூரை. பள்ளிக்கூடம். கை அடுத்ததற்குப் போவதற்குள் வாயாடி முந்திக்கொண்டாள்.

"வீடு எனக்காம் மேடம். பள்ளிக்கூடத்துக்கு ஏதோ கொஞ்சம் பணம்."

மேஜை இரண்டு முறை அதிர்ந்தது. அப்பா தட்டியிருந்தார். இனி முகத்தைத் திருப்ப வழியில்லை. அவர் கண் அவள் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது. கடைக்காரன் உதட்டில் அவருக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. ஆனால் இந்த உதட்டை அவர் ஒரு ஆயுசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கைகள் நிதானமாகப் பேசின.

"என்ன சொல்றார்?" என்றார் வக்கீலம்மா.

வாயாடி கைப்பையை மூடி வைத்தாள். அப்பாவாகப் பேசினாள்.

"என் மக இப்ப சொன்னது பொய். சின்ன வயசுல இருந்து எனக்காகப் பொய் சொல்லிட்டு வர்றா. எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் முதல் தடவையா அவளுக்காகச் சொல்லியிருக்கா."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. வாயாடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் கைகள் நிற்கவில்லை, அவளாலும் நிறுத்த முடியவில்லை.

"நான் இன்னும் முடிக்கல. ஒரு வாரமா இவ முடிக்க விடல. கீழ்வீடு பள்ளிக்கூடத்துக்கு. வெளியூர்ப் பிள்ளைங்க தங்கிப் படிக்கட்டும். மாடி என் மகளுக்கு."

அதற்குப் பிறகும் அவர் நெடுநேரம் பேசினார். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண்ணீர் மறைத்தது.

"கை நிறைய ஏதோ சொன்னாரே?"

"அவ்வளவுதான் மேடம். மாடி எனக்குன்னுதான்."

மேஜை மறுபடி இரண்டு முறை அதிர்ந்தது.

வாயாடி மூக்கை உறிஞ்சினாள். "என்னை ஆளாக்கினது ரெண்டு. கையைப் பேச வெச்சது பள்ளிக்கூடம். ஊர்ல நாலு பேர் முன்னால என் பேச்சை மரியாதையாக்கினது என் மக. நான் கெடுத்த பேரத்தை எல்லாம் அவ சரிபண்ணினா. அவ படிப்பை நான் தின்னேன். அதனால மாடி நான் கொடுக்கறது இல்ல. அது அவ சம்பாதிச்சது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு விசும்பல் வந்துவிட்டது. உயிலில் இதையெல்லாம் எழுதும் வழக்கமில்லையே என்று வக்கீலம்மா தயங்கினார். வாயாடி அதை அப்பாவுக்குக் கையால் சொன்னாள். அவர் கைகள் சட்டென்று பாய்ந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கோபத்தை ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"வாங்கற காசுக்கு எழுதும்மாங்கறார்."