வரிசையில் முதல் வாளி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். இது எனக்கு நடந்தது. போன வறட்சியில், பொழுது சாய்ந்து இருட்டுவதற்குள் நடந்தது. தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

என் பெயர் கலைமகள். பேய்க்குப் பயந்தவள் இல்லை, மனிதர்களைத்தான் நம்ப மாட்டேன். மீன்காரர் தராசை இரண்டு முறை தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். "கோயில்ல குடுக்குற திருநீறையே நீ மோந்து பாக்குறவ" என்று என் கணவர் திலீபன் கேலி செய்வார்.

அவருக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. டவுனை ஒட்டிய பாயா ரும்புட்டை விட்டு அந்த மேட்டுத் தோட்டத்துக்குக் குடிபோனோம். பக்கத்து ஊரான மெர்லிமாவிலிருந்தே வெகுதூரம் உள்ளே போக வேண்டும். ஒரே வரிசையில் எட்டு லயத்து வீடுகள். காலையில் பனி வாசல்வரை வந்து நிற்கும். அதற்குள்ளிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எதிர் மேடு தெரிவதற்கே வெயில் ஏற வேண்டும். மதியத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் இறங்கும்போது, காயப்போட்ட துணியிலெல்லாம் செம்மண் படியும். எங்கள் நான்கு வயது மகள் ஷாந்தினிக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. ஊர்க் கோழிகளை விரட்டியே பொழுதைப் போக்குவாள்.

குறை தண்ணீர்தான். மேட்டுத் தொட்டி வற்றிக் கிடந்தது. சாயங்காலம் மட்டும், பொதுப் பைப் ஒன்றில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். தண்ணீர் வரும்வரை ஆள் போய் நிற்கத் தேவையில்லை. வரிசையில் வாளியை வைத்தால் போதும். வாளிதான் ஆள். அடுத்தவர் வாளியை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

அந்த வரிசையில் எப்போதும் முதலில் ஒரு நீல வாளி இருக்கும். பிடி உடைந்த பழைய வாளி. பைப்பைத் திறப்பவர் முதலில் அதை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தன் வாளியை வைப்பார். யாரும் அதை எடுத்துப் போய் நான் பார்த்ததில்லை. மறுநாள் அது காலியாக, மறுபடியும் முதலில் நிற்கும்.

எனக்குப் பொறுக்குமா? பக்கத்து வீட்டு இருசம்மாள் அக்காதான் ஒரு வீட்டுக்கு இரண்டு வாளி வைக்கிறார் என்று முடிவுகட்டினேன். நேராகவே கேட்டும் விட்டேன்.

"அது யாரு வாளிக்கா?"

"புடிச்சு வச்சிட்டுப் போ லா. கேக்காத."

மடியில் கனம் இருப்பவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஷாந்தினிக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். முந்தின நாள் என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டில் குடிக்க அரைப் பாட்டில்தான் இருந்தது. திலீபன் லோரியோடு எண்ணெய் மில்லுக்குப் போயிருந்தார். மாலை 6.40. பிள்ளை அசந்து தூங்கினாள். கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பைப்புக்கு ஓடினேன்.

நீல வாளி முதலில் நின்றது. அதைத் தூக்கிப் புதரோரம் கவிழ்த்தேன். காலி வாளிதான்... ஆனாலும் கனத்தது. அதன் இடத்தில் என் வாளியை வைத்தேன்.

இருசம்மாள் அக்கா வந்தார். வரிசையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"உன் பாப்பா எங்க?"

"வீட்ல தூங்குது."

"ஓடு. தண்ணிய விட்டுட்டு ஓடு, கலை."

நான் அசையவில்லை. நான் போனதும் என் வாளியை நகர்த்தத்தானே இந்த நாடகம்? பைப் நூல்போல ஒழுகியது. நிரம்பும்வரை அங்கேயே நின்றேன். அக்கா நீல வாளியை எடுக்கப் புதரோரம் போனார். அங்கே அது இல்லை.

7.10. வீட்டு வாசலுக்கு வந்தேன். பூட்டு போட்டபடியே தொங்கியது.

உள்ளே ஏதோ சத்தம்.

சளக்... சளக்...

குளியலறையில் யாரோ சொம்பால் மொண்டு ஊற்றினார்கள். எங்கள் தொட்டியில் மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

சாவி பூட்டுக்குள் நுழையவில்லை.

"ஷாந்தினி..."

"குளிக்கிறேன்..."

"யாருடி ஊத்துறா?"

சத்தம் நின்றது.

"அம்மா."

எப்படித் திறந்தேன் என்று தெரியாது. குளியலறையில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டியது.

தொட்டி காய்ந்திருந்தது.

சொம்பும் காய்ந்திருந்தது.

அன்றிரவே, திலீபன் வந்ததும், மெர்லிமாவில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப்போனோம். காய்ச்சல் இறங்கிவிட்டது என்றார் நர்ஸ். "நல்ல நேரத்துல தண்ணி ஊத்தியிருக்கீங்கம்மா" என்றார்.

அந்த வாரமே பாயா ரும்புட்டுக்குத் திரும்பிவிட்டோம். சில வாரம் கழித்து இருசம்மாள் அக்காவே போன் செய்தார்.

"முன்னாடி ஒருத்தி இருந்தா, கலை. இதே மாதிரி வறட்சி. புள்ளைக்குக் காய்ச்சல். தண்ணியோடதான் போவேன்னு பைப்புக்கிட்டயே நின்னா. அவ வீட்டுக்குப் போறதுக்குள்ள புள்ள போயிருச்சு. கொஞ்ச நாள்ல அவளும் போயிட்டா. அதுக்கப்புறந்தான் அந்த வாளி வர ஆரம்பிச்சுச்சு. மொதல்ல நெரப்பிட்டா அவ வேற எங்கயும் போறதில்ல."

"அவ வீடு எது, அக்கா?"

"நீ இருந்ததுதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க போன நாள்லேருந்து அந்த வாளி வரிசைக்கு வரல."

போனை வைத்தேன். மணி 6.50. ஷாந்தினி ஹாலில் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்காமல் கூப்பிட்டேன்.

"வா பாப்பா, குளிக்கலாம்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்பத்தானம்மா ஊத்துனீங்க."

கிட்டே போய்த் தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.