கஷாயமும் முதுகு ஊசியும்

என் இரண்டாவது பிள்ளையை நான் வலி தெரியாமல் பெற்றேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சில பெண்கள், பரீட்சையில் பிட் அடித்துப் பாஸானவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முதல் பிள்ளையை நான் பெற்ற நாளில் அவர்களில் ஒருத்தியும் என் பக்கத்தில் இல்லை.

முதல் பிரசவம் அரசாங்க ஆஸ்பத்திரியில். ஒரு பகல் முழுக்கக் கத்தினேன். கத்தக் கத்த, அங்கே வேலை பார்த்த ஒருத்தி தொடையில் அடித்தாள். "அப்ப இனிச்சிதில்ல, இப்ப இன்னாத்துக்கு ஊரக் கூட்ற?" என்றாள். அந்த வலியின் அளவுகூட இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் பேச்சு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றே இருந்தேன். அப்போது சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை. எட்டு மணி நேரம் மிஷின் பக்கத்தில் நின்று மூடிகளைப் பொறுக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்ற பெரியபாளையத்துப் பெண்தான் முதுகு ஊசியைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய தங்கைக்குப் போட்டார்களாம். வலி இல்லாமல், பேசிக்கொண்டே பெற்றாளாம். நான் நம்பவில்லை. ஆனால் இரண்டாவது தரித்ததும் கும்மிடிப்பூண்டியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மாவிடம் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன்.

"போடலாம்," என்றார். "ஆனா மயக்க டாக்டர் சென்னைலேருந்து வரணும். வலி எடுத்த உடனே நீ இங்க வந்துடணும். கடைசி நேரத்துல வந்து ஊசி ஊசின்னு கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

உடனே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியது. அதைத்தான் கோட்டைவிடப் பார்த்தேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே தாய் போய்விட்டதால் தம்பியை வளர்த்தவர் அவர்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினார். மூன்று பிள்ளை பெற்றவர். ஊசி விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் கூனிக்கினுதான் நடக்கணும். யாரு உன்ன தூக்கிக்கினு அலையறது, நானா?"

"நீ தூக்காத அண்ணி. உன் தம்பி தூக்கட்டும்."

"அவனா? அவனுக்கு அவன் டிபன் பாக்ஸையே தூக்கத் தெரியாது."

வலி எடுத்தது ஒரு காலை நேரம், பத்து மணி இருக்கும். பெரிய பிள்ளை பள்ளிக்கூடத்தில், என் கணவர் பகல் ஷிப்டில். இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனி. உலைப் பக்கம் வேலை. செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் அண்ணியைக் கூப்பிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். அண்ணி ஆட்டோ பிடிக்கவில்லை, அடுப்பைப் பற்ற வைத்தார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வலி வந்தால் முதலில் சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் ஏறும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி. "மிஷின் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தவ. உடம்பெல்லாம் சூடு. இது சூட்டு வலிதான்," என்று அண்ணி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

குடித்தேன். வலி அடங்கியது.

இங்கே அண்ணியை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே ஒன்று பெற்றவள் நான். டாக்டர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார். இருந்தும் கஷாயத்தை நம்பி, மோர் சோறு சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே படுத்துத் தூங்கிவிட்டேன். இரண்டு மணி நேரம். எழுந்தபோது வலி என்னை எழுப்பவில்லை, உதைத்தது.

ஷேர் ஆட்டோவில் இருந்த மற்றவர்களை அண்ணியே இறக்கிவிட்டார். "எறங்கு நைனா, புள்ளத்தாச்சி கீது, பார்த்துக்கினே குந்திக்கினு இருந்தா எப்டி?" ரோடு முழுக்க லாரி. வழியெல்லாம் அண்ணியைத் திட்டிக்கொண்டே வந்தேன். எப்போதும் திருப்பித் திட்டுகிறவர், என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "எத்தனை மணிக்கு வலி எடுத்தது?" என்றார். சொன்னேன். அவர் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். மயக்க டாக்டர் வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பிள்ளை வராமல் இருந்தால்தான் ஊசி. வந்தால் போன தடவை மாதிரிதான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். அந்த அடி ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தார். "மயக்க டாக்டர் செங்குன்றம் தாண்டிட்டாராம். வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டோம். ஆளை உள்ளே இருந்து கூப்பிட முடியாது, ஷிப்ட் முடியட்டும் என்றான் வாட்ச்மேன்.

"அப்ப நீங்க போடுங்க," என்று நர்ஸ் அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் மாட்டேம்மா. நாளைக்கு ஒண்ணுனா என் தம்பிக்கி நான் இன்னா பதில் சொல்றது?"

அடுத்த வலி வந்து போனது. அது போனதும் நான் சொன்னேன். "அண்ணி. கஷாயம் குடுத்த கை தானே. அதே கையால கையெழுத்தும் போடு."

நன்றாக இல்லாத பேச்சுதான். ஆனால் அப்போது எனக்கு வேறு பேச்சு வரவில்லை. அண்ணி தாளை வாங்கினார். அறிவொளி வகுப்பில் பழகிய கையெழுத்து. நான்கே எழுத்து, அதற்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். போட்டுவிட்டு, "போன தபா நீ கத்துனப்ப நான் வெளில காத பொத்திக்கினு நின்னேன்மே," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்.

மயக்க டாக்டர் வந்துவிட்டார். என்னை உட்காரவைத்து முன்பக்கம் குனியச் சொன்னார்கள். அண்ணி எதிரில் நின்று என் தோள்களைப் பிடித்துக்கொண்டார். என் நெற்றி அவர் வயிற்றில் முட்டியது. "ஆடாத. ஆடுன, நானே அறைவேன்," என்றார்.

கால் மணி நேரத்தில் வலி மெலிந்தது. பிறகு இல்லை. கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போலக் கனத்தன. அண்ணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் வயிற்றில் கை வைத்தார்.

"இப்ப வருதுமே. கல்லு மாதிரி ஆவுது பாரு. தெரியலயா?"

"தெரியல."

"நெசமாவா?"

"நெசமா அண்ணி."

பிறகு அண்ணி தன் மூன்றாவது பிரசவத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நடவு வயலிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்ததையும், வழியில் இரண்டு இடத்தில் புளியமரத்தைக் கட்டிப்பிடித்து நின்றதையும் சொன்னார். அத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அவர் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். நர்ஸ் பிறகு சொன்னார்: நான் தூங்கிய நேரம் முழுக்க அண்ணி கையை எடுக்கவே இல்லையாம். ஒவ்வொரு வலிக்கும், "வந்துது, போச்சு," என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். வயிற்றில் பட்டை மாட்டியிருந்தார்கள், மிஷினே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணிக்கு மிஷின்மேல் நம்பிக்கை இல்லை.

சாயங்காலம், என் கணவர் ஷிப்ட் முடிந்து வருவதற்குள், பிள்ளை பிறந்தாள். முக்கச் சொன்னபோது ஒரு பெரிய அழுத்தம் தெரிந்தது, அவ்வளவுதான். அவள் தலை வெளியே வந்ததை நான் பார்த்தேன். முதல் தடவை நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். "பாவம், துடிச்சிட்டா," என்று அண்ணி ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அண்ணி பொய் சொல்ற? எனக்கு வலிக்கவே இல்ல. ஊசி போட்டாங்க."

ஒருத்தி மோவாயில் கைவைத்தாள். "வலிக்காம பெத்தா பாசம் எங்கேந்துமே வரும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி திரும்பினார். "உனுக்கு ரொம்ப வலிச்சிதில்ல? அதான் முந்தாநேத்து நீ பெத்த பையன தொடப்பத்தால சாத்துனியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு அண்ணி என்மேல் பாய்ந்தார். "ஒன்ன மட்டமா பேசுவாளுங்கன்னுதான் நான் அப்டிச் சொன்னேன். ஒனுக்கு வாய் நிக்காதே."

"பேசட்டும். நாளைக்கு அவளுங்க பொண்ணுங்களுக்கு வேணும்னா தெரியணுமில்ல?"

அண்ணி பிள்ளையின் துணியை மாற்றினார். சாயங்காலம் இன்னொரு கூட்டம் வந்தது. அதில் ஒரு பெண் நிறைமாதம். ரொம்ப வலித்ததா என்று பயந்துகொண்டே கேட்டாள். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியல," என்றார் அண்ணி. "தூங்கிக்கினு இருந்தா. எனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிது." பிறகு அந்தப் பெண்ணை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, "வலி எடுத்தா கஷாயம் கிஷாயம்னு யாரு சொன்னாலும் கேக்காத. ஆட்டோ ஏறிடு," என்றார்.