நான் கேட்காத மாசி

சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி, பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் நகரப் பேருந்தில் கைபேசி வழியாக வந்தது. கல்லூரி விலங்கியல் துறையில் என் பக்கத்து மேசைக்காரர். கடைசி ஒன்பது ஆண்டுகள் நான் அவரோடு பேசவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அது தெரியும், காரணம் தெரியாது.

லட்சத்தீவில் ஒரு சிறு தீவின் உணவுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மழைக்காலத்தில் அங்கே மீன்பிடிப் படகு கடலில் இறங்காது. அப்போது வீடு வீடாகப் போய், இந்த வாரம் மீன் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். பெரும்பாலோர் இல்லை என்றார்கள். மழை மாதங்களில் அரிசியும் பருப்புமே அவர்கள் உணவு என்று எழுதி முடித்து, அண்ணாச்சியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"சுத்திக் கடலை வச்சிக்கிட்டு மூணு மாசம் மீன் இல்லாம எப்படிவே கெடப்பான்?" என்றார். அடுத்த மழைக்குத் தம் விடுப்பில், தம் செலவில், என்னையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

நான் 'இல்லை' என்று குறித்திருந்த ஒரு வீட்டின் அடுக்களை வாசலில் போய் உட்கார்ந்தார். குறிப்பேட்டைத் திறக்கவில்லை. வீட்டுக்கார அம்மா கட்டை போன்ற கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்துச் சீவி, தேங்காயோடு இடித்துச் சோற்றில் வைத்தார். மாசி. வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்த சூரை மீன். இது மீன் இல்லையா என்று கேட்டேன். மீன் என்றால் அன்றைக்குப் பிடித்து வந்தது, இது மாசிதானே என்று அவர் சிரித்தார். அது எந்த நாளும் இல்லாமல் இருந்ததில்லையாம். படகு இறங்காத கடலும் அந்த அடுக்களைக்குள் இருந்திருக்கிறது. அண்ணாச்சியைப் போல நானும் சைவக் குடும்பம். மீன் என்றால் குழம்பில் துண்டாகக் கிடப்பது என்றே நினைத்திருந்தேன்.

அண்ணாச்சிக்கும் ஒரு தட்டு வந்தது. முட்டைகூடத் தொடாத மனிதர், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அவருக்குக் குமட்டியதை நான் பார்த்தேன். அந்த அம்மா பார்க்கவில்லை. அப்படி ஒரு மரியாதையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

திரும்பும் கப்பலில், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"நீரு எழுதினதை நம்பி, மழைக்கு அவனுக்கு அரிசி போதும்னு எவனாவது முடிவு பண்ணிருவான். நீரே சொல்லும். இல்லன்னா நான் சொல்லுதேன்."

நான் சொல்லவில்லை. என் நெறியாளரிடம் அவர் சொன்னார். பட்டம் நான்கு ஆண்டு தள்ளிப்போனது. அதற்குள் என்னைவிட இளையவர்கள் பதவி உயர்வு பெற்றார்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

நெறியாளரிடம் அவர் சொன்ன அந்த வாரம், என் மேசையில் என் ஆய்வின் வினாப்படிவம் ஒன்று கிடந்தது. 'மீன் சாப்பிட்டீர்களா' என்பதை அடித்து, 'நேற்று என்னென்ன அரைத்தீர்கள், இடித்தீர்கள்?' என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். அந்தக் கேள்வியோடுதான் மறுபடியும் தீவுக்குப் போனேன். ஏறிய வீடெல்லாம் மாசி இருந்தது.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அச்சான ஆய்வேடும் இருக்கிறது. அதன் நன்றியுரையில், எனக்குக் கெடுதல் செய்தவர்கள் பெயர்கூட உண்டு. அண்ணாச்சி பெயர் இல்லை.