பேச்சியம்மாள் அக்காவின் தள்ளுவண்டி

அன்று விடியற்காலை பேச்சியம்மாள் அக்கா வீட்டில் இருந்தவர்கள்: கதவைத் தட்டிப் பார்த்த சுடலை, அவன் சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து ஓடி வந்த மற்ற நான்கு பேர், பால் கொண்டுவந்த பாக்கியம், எதிர்வீட்டு நர்ஸ் அம்மா. தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று நாடி பிடித்துப் பார்த்துச் சொன்னது நர்ஸ் அம்மாதான். நான் அங்கே இல்லை. இரண்டு தெரு தள்ளி என் வீட்டில் சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவைப் பற்றி எழுதினால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். எந்தச் சங்கதியோடு போனாலும், "மொதல்ல யார் யார் இருந்தீகன்னு சொல்லு தாயி, பொறவு கதையச் சொல்லு" என்பார்கள். தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். வேலை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் பக்கத்தில் அவர்களை ஏட்டம்மா என்றால்தான் தெரியும்.

சுடலைதான் எனக்குப் போன் செய்தான். அழுதுகொண்டே விவரம் சொன்னான். அதே மூச்சில், "அக்கா, இன்னைக்குக் கையெழுத்துக்குப் போகணுமா?" என்று கேட்டான். போகத்தான் வேண்டும் என்றேன். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அக்கா பழக்கிவைத்த ஆள் அந்த நேரத்தில் வேறு எதைக் கேட்பான்?

அக்காவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடி, கஞ்சா என்று விழுந்து, அதனாலேயே வழக்கிலும் மாட்டி, நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்த ஆண்கள் தங்கிக்கொள்வதற்குத் தன் வீட்டின் பின்கட்டை அக்கா விட்டிருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து முடித்து வருகிறவர்களுக்குத்தான் இடம். "மருந்து டாக்டர் வேல. மருந்துக்குப் பொறவு நீண்டு கெடக்கே பொழுது, அது நம்ம வேல" என்பார்கள். அங்கே தங்குகிறவர்கள் தினமும் மாலை ஐந்து மணிக்குக் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விலாசத்தில்தான் இருப்பேன் என்று நீதிமன்றத்திலும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். கையெழுத்துத் தவறினாலும் விலாசம் இல்லாமல் போனாலும் ஜாமீனுக்கு ஆபத்து.

இப்போது அங்கே ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு விலாசம் கிடையாது. அக்காவின் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். பொறுப்பான ஆள் ஒருவர் முன்கட்டில் குடியிருந்தால் அம்மா நடத்தியபடியே நடக்கட்டும், இல்லையென்றால் வாடகைக்கு விடுவதைத் தவிரத் தனக்கு வழியில்லை என்று பதினாறாம் நாள் காரியத்தன்று சொன்னார். கூடியிருந்த எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னோம். அது என் தம்பி காளிராஜ். அவன் இப்போது சாத்தூரில் ஒரு காலண்டர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். அத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மேல ஏட்டம்மா இருந்தாக, நேரா இருந்தேன். எனக்கு மேல யாருமே இல்லேன்னா எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல. யோசிச்சுச் சொல்றேன்" என்று பஸ் ஏறிவிட்டான்.

அவன் யோசிக்கட்டும். அதுவரை நான் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

காளிராஜ் அப்போது லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் போதையில் ஓட்டி, பைக்கில் வந்த ஒருவரின் காலை ஒடித்துவிட்டான். ஜெயிலுக்குப் போனான். அவனை என் வீட்டில் வைத்துக்கொள்ள மாமியார் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; எங்கள் வாசலில் அவன் விழுந்து கிடந்ததைப் பலமுறை பார்த்தவர்கள். நான் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனிடம் முறையிட்டுவிட்டு, குங்குமப் பொட்டலத்தோடு அக்கா வீட்டில் போய் நின்றேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஒன் தம்பி பொய் சொல்லுவானா?"

"சொல்லுவான்க்கா."

"நீ?"

"தெரிஞ்சு சொன்னதில்ல."

"அப்பச் சரி. அம்மன்கிட்ட நீ பேசு. ஸ்டேசன்ல நான் பேசிக்கிடுறேன்" என்று சொல்லி, நிற்கிற நேரத்துக்கு ஆயலாமே என்று கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினார்கள். என் தம்பிக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அக்கா வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான் மதுக்கடையும் அதை ஒட்டிய பாரும் இருக்கின்றன. சுற்றிப் போக வேறு வழியில்லை. குடித்துப் பழகியவனுக்குச் சாயங்காலம்தான் பொல்லாத நேரம். அந்த நேரத்தில் தினமும் கடை வாசலைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

அக்கா முதலில் போலீஸ்காரம்மாவாகத்தான் யோசித்தார்கள். எல்லோரையும் வரிசையாக விட்டு, பின்னால் தானே நடந்துபோனார்கள். தெருவுக்கே அது வேடிக்கையாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக நின்று சல்யூட் அடித்தார்கள். சலூன் கடையிலிருந்து ஒருவர், "ஏட்டம்மா, இன்னைக்கு எம்புட்டுப் பேரு சிக்கினாக?" என்று தினமும் கேட்பார். பீடி வாங்கி வருகிறேன் என்று வரிசையைவிட்டு நகர்ந்த ஒருவன், மறுநாள்தான் திரும்பி வந்தான். கடைசியில் காளிராஜ்தான் வாயைத் திறந்தான்.

"ஏட்டம்மா, கைவிலங்கு ஒண்ணுதான் கொறச்சல். இந்த வெக்கத்துலயே எனக்குக் குடிக்கணும்போல இருக்கு."

அக்கா கோபக்காரர்கள். யாராவது எதிர்த்துப் பேசினால் தெருமுனை வரை கேட்கும். அன்றைக்கு மட்டும், அவன் சொல்வது சரிதான் என்று தலையாட்டினார்கள்.

பின்கட்டில் இருந்தவர்களுக்கு ஒரு அச்சகத்து அண்ணாச்சி வேலை கொடுத்துவந்தார். காலண்டர் அட்டையில் தேதித்தாள் கட்டை வைத்து, பின் ஊசி அடித்துக் கொடுக்க வேண்டும். முடிந்த சரக்கை அச்சகத்து ஆட்டோ வந்து ஏற்றிப்போகும். நல்ல சீசனில் ஒருநாள் ஆட்டோ பழுதாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் சரக்கு லாரியில் ஏற வேண்டும். அச்சகம் ஸ்டேஷனுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. அக்கா காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, அதில் சரக்கை ஏற்றச் சொன்னார்கள். இரண்டு பேர் முன்னால் இழுத்தார்கள், இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். காளிராஜ் பக்கத்தில் நடந்தபடி, அட்டைகள் சரியாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

மதுக்கடை வந்தது. வாசலில் நின்ற, கூடக் குடித்த பழைய சேக்காளி ஒருவன் காளிராஜைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இவன் திரும்பக்கூட இல்லை. "கைய எடுத்தா அம்புட்டும் சரிஞ்சிரும்ணே, பொறவு பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். பின்னால் வந்த அக்கா அதைக் கவனித்துவிட்டார்கள்.

மறுநாள் ஆட்டோ சரியாகி வாசலில் வந்து நின்றது. அக்கா அதை வெறும் ஆட்டோவாகவே திருப்பி அனுப்பிவிட்டு, காய்கறிக்காரரின் தள்ளுவண்டியை விலைக்குக் கேட்டு வாங்கினார்கள். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. இனி அந்த லோடைத் தன் ஆட்கள்தான் தள்ளிக் கொண்டுவருவார்கள், அதுவும் சாயங்காலம்தான் வரும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் காரணம் சொன்னபோது அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆளுமேல கண்ண வச்சுப் பாத்தேன், நடக்கல தாயி. இப்ப எல்லாரு கையையும் ஒரே வண்டியில வச்சிட்டேன். ஒருத்தன் கைய விட்டா மத்தவன் வைவான். எனக்கு வையிற வேல மிச்சம்."

அதன் பிறகு அவர்கள் கையெழுத்துக்குப் போகிற ஆட்களாகத் தெரியவில்லை. லோடு கொண்டுபோகிற ஆட்களாகத் தெரிந்தார்கள். போகிற வழியில் வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு வருவார்கள். வெளியே இருப்பவர்கள் சரக்கைப் பார்த்துக்கொள்வார்கள். சலூன்காரரே, "லோடு வருது, பைக்க ஓரமா எடுங்கப்பா" என்று வழி பண்ணிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் ஒரு ஆர்டர் வந்தது. அந்தப் பார் நடத்துகிறவர் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க இருக்கன்குடி மாரியம்மன் படம் போட்ட காலண்டர் கேட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிறவள் நான். அம்மனைக் கொண்டுபோய் அந்த இடத்திலா மாட்டுவது என்று அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

அக்கா சிரித்தார்கள். "கோயில்ல அவளுக்கு என்ன வேல இருக்கு? அங்கன வர்றவன் எல்லாம் குளிச்சிட்டுல்ல வர்றான். பாருலதான் அவ கண்ணு முழிச்சு ஒக்காந்திருக்கணும்."

 ஆனாலும் அம்மன் படத்தை அந்தத் தரையில் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நானும் வண்டியோடு போனேன். அன்று போனவர்கள்: அக்கா, காளிராஜ், இன்னும் மூன்று பேர், கையில் விரித்துப் போட ஒரு வெள்ளை வேட்டியோடு நான்.

வண்டி பார் வாசலில் நின்றதும் தெருவே திரும்பிப் பார்த்தது.  அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே போ என்று காளிராஜுக்குக் கண்ணைக் காட்டினார்கள். நானும் பின்னாலேயே போய் வேட்டியை மேசையில் விரித்தேன். அவன் கட்டுக் கட்டாக இறக்கி வைத்தான். கல்லாவில் இருந்தவர் அவனைப் பல வருஷமாக அறிந்தவர்.

"என்னலே காளி, இம்புட்டுத் தூரம் உள்ள வந்துட்டுச் சும்மாவா போறே?"

காளிராஜ் கடைசிக் கட்டையும் வைத்துவிட்டு, டெலிவரிச் சீட்டை அவர் முன்னால் நீட்டினான்.

"சும்மா போகல அண்ணாச்சி. நாங்க தெனமும் கையெழுத்துப் போடுறோம். இன்னைக்கு ஒரு நாள் நீங்க போடுங்க."

குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கல்லாக்காரரும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். வெளியே அக்கா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லாம் நேர்கோடாக நடந்தது என்று எழுதினால் அது பொய். அந்தத் தீபாவளிக்கு அக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே போன காளிராஜ் குடித்துவிட்டான். மறுநாள் தானாகவே வந்து நின்றான். அக்கா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், நடந்ததை நடந்தபடி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்கள். கையெழுத்து முடிந்ததும் அங்கிருந்தே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் என்று ஸ்டேஷனில் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாமே என்று நான் அழுதேன். "இன்னைக்கு இதுல பொய் சொன்னா, நாளைக்கு இவன் நல்லா இருக்கான்னு நான் சொல்றத எவன் நம்புவான்?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனை ஒரு வார்த்தை வையவில்லை. வண்டியில் அவன் நிற்கிற இடம் அவனுக்காகக் காலியாக இருந்தது.

பிறகு வழக்கு முடிந்தது. கையெழுத்தும் நின்றது. ஆனாலும் அவன் சாயங்காலமானால் வந்து வண்டியில் கை வைத்தான். இனி உனக்கு இங்கே என்ன வேலை என்று அக்கா கேட்டதற்கு, வண்டி கனமாக இருக்கிறது என்றான். சாத்தூரில் வேலை கிடைக்கும் வரை அப்படியே வந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் காரச்சேவுப் பொட்டலத்தோடு வருவான். அக்கா அதைக் கொறித்துக்கொண்டே எல்லோரோடும் தாயம் விளையாடுவார்கள். கூசாமல் கள்ளாட்டம் ஆடுவார்கள். போலீஸ் வேலை பார்த்தவர்கள் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், "டூட்டி முடிஞ்சிருச்சுலே" என்று காயை இன்னும் ஒரு கட்டம் தள்ளி வைப்பார்கள்.

அக்காவின் கடைசிப் பயணத்தைச் சொல்லி முடிக்கிறேன். மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர மதியமாகிவிட்டது. நாலரை மணிக்கு எடுத்தார்கள். நிறைவாக வாழ்ந்த உயிர் என்று கொட்டும் மேளமும் வைத்து, வழியெல்லாம் சரவெடி போட்டார்கள். பின்கட்டு ஆட்கள் ஐந்து பேரும், சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்த காளிராஜும், மகனும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். எனக்குக் கால் திரும்பவில்லை. ஸ்டேஷன் வரை போனேன். யாரும் தடுக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து. சுடலை மகனின் காதில் ஏதோ சொன்னான். மகன் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. பாடையை இடையில் இறக்கக் கூடாது. என் வீட்டுக்காரரும், அச்சகத்து அண்ணாச்சியும், சலூன்காரரும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். ஐந்து பேரும் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். அக்கா அதுவரை நடுரோட்டில் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற காவலர்கள் விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள்.

அங்கே கையெழுத்துப் போட்டுப் பழகியவர்களில், அன்று உள்ளே போகத் தேவையில்லாதவன் காளிராஜ் ஒருவன்தான். முன்பக்கத்து இடது முனையில் நின்றான். தோள் மாற்ற வந்தவர்களை வேண்டாம் என்று தலையசைத்தான். சட்டையெல்லாம் நனைந்து போயிருந்தது. கடைசியாக வெளியே வந்த சுடலை, "அண்ணே, நான் வாங்கிக்கிடவா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்லே. நீ அந்தப் பக்கம் பிடி."

ஐந்து பேரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகுதான் காலை எடுத்து வைத்தான். மேளம் மறுபடி ஆரம்பித்தது. நான் அங்கேயே நின்று கைகூப்பினேன். போய் வாருங்கள் அக்கா. அம்மன்கிட்ட இனி நீங்களே நேரில் பேசிக்கொள்ளலாம்.

காளி, நீ எப்படி இருப்பாய் என்று உனக்குத் தெரியவில்லை என்றாய். நான் ஸ்டேஷன் வாசலில் பார்த்ததை எழுதிவிட்டேன். ஆடி பிறப்பதற்கு முன் முடிவு தெரிய வேண்டும் என்று அக்காவின் மகன் மறுபடியும் போன் செய்தார். சுடலை தினமும் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான். வருகிறாயா, இல்லையா? எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்.