ஆம்ப்ளிஃபயரில் இரண்டாவது ஓட்டை

ஐந்து கால் ஐசி ஒன்று, வால்யூம் கண்ட்ரோல் ஒன்று, கிட்டார் பின் செருகும் சாக்கெட் ஒன்று என்று எழுதிக்கொண்டு போன சீட்டை நீட்டினேன். புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்துக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடை அது. கடைக்காரர் சீட்டைப் படித்தார். கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையைப் படித்தார். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“சார் வண்டிய நிறுத்திட்டு வாராரா டீச்சர்?”

“எந்த சாருங்க?”

“இல்ல, இதெல்லாம் யாருக்கு?”

“எனக்குத்தாங்க.”

“அது சரிங்க டீச்சர். மாட்டப்போறது யாரு?”

பதினெட்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். டிரான்சிஸ்டர் எப்படி ஒரு சின்ன அசைவைப் பெரிதாக்குகிறது என்று வருடத்துக்கு நான்கு பிரிவுகளுக்குப் படம் போட்டு விளக்குகிறேன். இந்த மனிதரின் பையனுக்கே நான் பாடம் எடுத்திருக்கவும் கூடும். ஆனாலும் மாட்டப்போவது ஒரு சாராகத்தான் இருக்க வேண்டும். அவரோடு சண்டை போட்டால் பஸ் போய்விடும். “வீட்டுல இருக்காருங்க” என்று சொல்லிவிட்டேன். உடனே அவர் முகம் தெளிந்துவிட்டது, சாமான்களை எடுத்துப் போட்டார். அந்த ஐசியும் போலி. முதல் தடவை கரண்ட் கொடுத்ததுமே புகைந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, “சாரு கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு போல” என்றார்.

இல்லாத அந்த சாருக்காக நான் எதையும் செய்யவில்லை. என் அப்பாவுக்காகச் செய்தேன்.

எங்கள் ஊர் ஆவூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கும் சின்னக் கிராமம். ஒரு மாதா சிற்றாலயம், அதைச் சுற்றி நாலைந்து தெருக்கள். அப்பா லாரி ஓட்டியவர். நான் பிளஸ் டூ முடித்த வருடம் மதுரைக்கு லோடு ஏற்றிப்போன இடத்தில், பழைய கிட்டார் ஒன்றை வாங்கி சீட்டுக்குப் பின்னால் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஊரே சிரித்தது. பொம்பளைப் பிள்ளைக்குச் செயின் வாங்காமல் கித்தார் வாங்கியிருக்கிறான் என்று கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அவர் காது பட பேசினார்கள். அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. நான் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கத் தொடங்கிய பிறகு மட்டும், பூசை முடிந்ததும் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்ப்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். அந்த ஜன்னல் தெருவைப் பார்த்தது. வருடம் ஒருமுறை, மே மாதத் திருவிழாவில், மாதாவின் சப்பரம் அந்த ஜன்னலைக் கடந்து போகும். அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கோயில் என்றால் அந்த ஒரு நாள்தான்.

எங்கள் தெரு குறுகல். மெயின் தெருவரைக்கும் சவுண்ட் சர்வீஸ் வண்டி குழாய் ஸ்பீக்கரோடும் ஜெனரேட்டரோடும் வரும். கீபோர்டு வாசிக்கிற பையனும் அந்த வண்டியிலேயே உட்கார்ந்து வருவான். எங்கள் தெரு முக்கில் வண்டி நின்றுவிடும். சப்பரம் மட்டும் உள்ளே நுழைந்து, சுற்றிக்கொண்டு மறுபக்கம் வெளியே வரும். அந்தத் தெருவுக்குள் ஸ்பீக்கர் சத்தம் கிடையாது. பாடகர் குழுவோடு நானும் சப்பரத்துக்குப் பின்னால் வாசித்துக்கொண்டு நடப்பேன். இருநூறு பேர் பாடுகிற பாட்டில் என் கிட்டார் எங்கே கேட்கப்போகிறது?

முதல் வருடம் சப்பரப் பவனி முடிந்து வந்ததும், “நீ எங்கன வந்தத்தா? சத்தமே காணோமே” என்றார். இரண்டாவது வருடமும் அதையே கேட்டார். வீட்டில் தினமும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன், அது வேறு. தன்னைப் பார்த்துச் சிரித்த தெருவில், அத்தனை பேருக்கு நடுவில், அந்தக் கிட்டார் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

“வர்ற வருசம் கேக்கும் பாருங்க. நானே ஸ்பீக்கர் செஞ்சு தோள்ல மாட்டிக்கிட்டு வாரேன்” என்றேன்.

சொல்வது சுலபம். ஜனவரியில் ஆரம்பித்தேன். ஸ்பீக்கர், பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் கதவிலிருந்து கிடைத்தது. ஐந்து அங்குலம், கூம்பில் கிழிசல் இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்து, டார்ச் பேட்டரியை ஒயரில் தொட்டுக் காட்டினேன். டப் என்றது. அவர் நல்ல கையைக் கூம்பின் மேல் வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ” என்றார். பத்து தடவையாவது தொட்டிருப்பேன்.

கிட்டாரின் அதிர்வைப் பிடிக்க ஒரு பித்தளை வட்டு வேண்டும். யாரோ பழைய மாணவி கொடுத்த, திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைக் கிழித்து எடுத்தேன். அதில் எழுதியிருந்த அன்பான வாசகங்கள் குப்பைக்குப் போயின. பேட்டரிதான் கடைசிவரை அமையவில்லை. பைக் பேட்டரி கனம், அதோடு ஆசிட். மார்ச் மாதத் தேர்வுப் பணிக்கு என்னைக் கறம்பக்குடிப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். போகிற வழியில் விவசாய சாமான் கடை வாசலில் மருந்தடிக்கிற மெஷின்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் நடக்கச் செய்தது, தெருவில் நடக்க ஆகாதா?

“நெல்லுக்குங்களா, கடலைக்குங்களா டீச்சர்?” என்று கேட்டார் அந்தக் கடைக்காரர்.

“கடலைக்குங்க” என்றேன். இந்தத் தடவை சாரைக்கூடக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பேட்டரியோடு, அந்த மெஷினின் தோள்பட்டை வாரையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ப்ளைவுட்டை அறுத்துக் கூடு செய்தேன். முன்பக்கம் ஸ்பீக்கருக்கு வட்டம், மேல்பக்கம் வால்யூம் திருகு, பக்கவாட்டில் கிட்டார் பின்னுக்கு ஒரு ஓட்டை. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் வாங்கிய சின்ன போர்டில் இரண்டு ஆட்களுக்கு இடம் இருந்தது. ஒன்று கிட்டாருக்கு, இன்னொன்று மைக்குக்கு. மைக் எனக்கு வேண்டாம். அந்த ஒயரை இணைக்காமல் விட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுவோம். பயணம் போகும்போது இன்னொருவருக்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டுவோம். யாருக்கு என்று கேட்டால் பதில் தெரியாது. எதுக்கும் இருக்கட்டும் என்போம். எனக்காக மட்டும் ஒன்றைச் செய்கிறேன் என்பதே ஏதோ திருட்டுத்தனம் போல உறுத்தும். நாலு மாதம் கடை கடையாக அலைந்து, அப்பா கேட்பதற்குத்தான் என்றாலும், எனக்கென்று முதல்முறையாக ஒன்றைச் செய்கிறேன். அதிலும் கை சும்மா இருக்கவில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது ஓட்டையைப் போட்டேன். நானே துளைத்தேன், நானே ராவினேன், மைக் சாக்கெட்டை நானே திருகி வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் பள்ளி ஆய்வகத்தில் வைத்து வாசித்துப் பார்த்தேன். விடுமுறையில் காலியாகக் கிடந்த தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அழுகை வந்துவிட்டது. அழுதேன். பார்க்க யாரும் இல்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் பவனி கிளம்பியது. அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்து, தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தேன். “ஸ்பீக்கர்ல சார்ஜு இருக்குல்ல?” என்று இரண்டு முறை கேட்டார். தோளில் ஆம்ப், மார்பில் கிட்டார். மெயின் தெருவில் குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தவரை நான் ஸ்விட்சைப் போடவில்லை. எங்கள் தெரு முக்கில் வண்டி நின்றது. சப்பரம் உள்ளே திரும்பியது. நான் ஸ்விட்சைப் போட்டு, முதல் முறை கம்பிகளை மீட்டினேன். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பிப் பார்த்தவர்களில் விழாக் குழுத் தலைவரும் இருந்தார். எனக்குச் சித்தப்பா முறை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வருடா வருடம் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருகிறவர் அவர்தான், எங்கள் தெருவுக்குள் மட்டும் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். வண்டியில் கிடந்த மைக்கை ஒயரோடு உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

“அடியாத்தி! நீ செஞ்சதாத்தா இது? இந்த ஓட்டை மைக்குக்குத்தான?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உள்ளே ஒயர் இல்லை, சும்மா ஓட்டை என்றாவது சொல்லியிருக்கலாம். “ஆமா சித்தப்பா” என்றேன். வாத்தியார் புத்தி, கேள்வி கேட்டால் சரியான விடை வந்துவிடுகிறது.

அவர் செருகினார். கீ என்று ஊளையிட்டது. மைக்கை ஸ்பீக்கரின் வாய்க்கு நேராகப் பிடித்தால் ஊளையிடத்தான் செய்யும், ஏன் என்று கரும்பலகையில் நான் விளக்கிய விஷயம். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். “கித்தாருதான் கத்துதுத்தா” என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா என் கிட்டார் பின்னைப் பிடுங்கினார். பிடுங்கும்போது மைக்கும் விலகியது, ஊளை நின்றது. “பாத்தியா? சாமி காரியம், ஜெபம் முக்கியம்த்தா. தெரு முடியிற வரைக்குந்தான்.”

தெரு முடிகிற வரைக்கும்தான். எனக்கு வேண்டியிருந்ததும் அந்தத் தெரு மட்டும்தான்.

சப்பரம் நகர்ந்தது. மைக் ஒயர் நீளமில்லை. அதனால் சித்தப்பா என் தோளை உரசிக்கொண்டே நடந்தார், மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதுபோல. நான் அவருடைய குரலைச் சுமந்துகொண்டு நடந்தேன். நானே பற்ற வைத்த ஒவ்வொரு முனையும் ஒழுங்காக வேலை செய்தது. தொங்கிய கிட்டார் பின்னை எடுத்து மறுபடி செருக எனக்கு ஒரு விநாடி போதும். தலைவர் பிடுங்கியதை ஜெபத்தின் நடுவில் ஒரு பெண் செருகினாள் என்று அடுத்த திருவிழா வரை பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். கிட்டார் வாங்கி வந்த மனிதர் பயப்படாத பேச்சுக்கு நான் பயந்தேன்.

எங்கள் வீட்டு ஜன்னல் வந்தது. வெள்ளைச் சட்டை தெரிந்தது. கழுத்தை நீட்டி, காதை ஜன்னல் கம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இணைப்பு இல்லாத கிட்டாரை என்னால் முடிந்த மட்டும் ஓங்கி வாசித்தேன். விரலில் ரத்தம் கசிந்தது. சித்தப்பாவின் குரல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு போனது. அப்பாவின் உதடுகள் ஜெபத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஜன்னல் பின்னால் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஆம்பை இறக்கி வைத்தேன். அப்பா என் கைகளைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார்.

“வாசிச்சியாத்தா?”

“வாசிச்சேம்ப்பா.”

பொய் இல்லை. அவர் தானாகவே தலையை ஆட்டிக்கொண்டார்.

“தலைவரு சொன்ன ஜெபம் பூரா கேட்டுச்சு. ஒன் கித்தாருதான் கேக்கல. ஸ்பீக்கரு வச்சும் கேக்கலன்னா, எனக்குக் காது போச்சு போலத்தா. சன்னச் சத்தம் இனிமே கேக்காது.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பின்னைப் பிடுங்கிவிட்டார்கள் அப்பா, உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று. சொன்னால், நீ ஏன் விட்டாய் என்று கேட்பார். அந்த ஓட்டை எதற்கு என்று கேட்பார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. தோற்றுவிட்டு வந்தேன் என்று சொல்வதைவிட அவரைச் செவிடராக விட்டுவைப்பது எனக்கு எளிதாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

அதற்குப் பிறகு நான் வாசிக்க உட்கார்ந்தால், நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்வார். ரேடியோவை வைக்க வேண்டாம் என்றுவிட்டார். கார்த்திகை மழை தொடங்கியபோது போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு சித்தப்பா மைக்கோடு வந்து ஆம்பைக் கேட்டார். அன்று காலையில்தான் இரண்டாவது ஓட்டையை எம்-சீல் பசை வைத்து அடைத்திருந்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, “அடைச்சிட்டியாத்தா” என்று கேட்டுவிட்டுப் போனார். இனி அதில் கிட்டார் மட்டும்தான் கேட்கும்.

ஆனால் மே மாதத்திலிருந்து மழை வரைக்கும், அப்பாவைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் அதே கதையைத்தான் சொன்னார். “எம்மக எனக்காக ஸ்பீக்கரு செஞ்சு, தெரு பூரா வாசிச்சிக்கிட்டு வந்துச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்குத்தான் காது போச்சு.” வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பித் தம்ளரோடு பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டுவேன்.